கேட்கும் உரிமை

குளிப்பாட்டத் தூக்குமுன் ஜாபர் வாப்பாவின் இடுப்பிலிருந்த அகலமான பச்சை வாரைக் கழற்றினான். அதன் பையில் கடைச் சாவியும் செல்போனும் இருந்தன. காலையில் கடைக்குப் புறப்பட்ட கோலத்திலேயே வாப்பா முகைதீன் நாற்காலியில் சாய்ந்தபடி இறந்து போயிருந்தார். ஜாபர் வாரைத் தன் லுங்கிக்கு மேல் கட்டிக்கொண்டான்.

"காக்கா," என்றாள் தங்கை மிஸ்பா. "எல்லாம் முடிஞ்சதும் வாப்பா என்ன வச்சிருக்காங்கன்னு எனக்கும் சொல்லணும்."

"மையத்து இன்னும் வீட்டைத் தாண்டல. அதுக்குள்ள கணக்கா? மாப்பிள்ளை சொல்லிக் குடுத்தாரா?"

"அவருக்கு நம்ம கடையில விக்கிறது கயிறா ஆணியான்னே தெரியாது."

"உன் பங்கு தாமுவே வீட்டுக்கு வந்து சேரும், போ."

பங்கை அவள் கேட்கவில்லை. அவள் கல்யாணமாகித் தாமுவேக்குப் போன நாளிலிருந்து, லத்தா தெருக் கடையைச் சாத்தியதும் வாப்பா அவளைத்தான் கூப்பிடுவார். என்ன வந்தது, என்ன போனது, எந்தச் சீனன் விலை பேசியே தொண்டையை வறள வைத்தான், எல்லாம் சொல்வார். கடைசியில், "உனக்கும் தெரிஞ்சிருக்கணும்லமா," என்பார். அவள் "ம்" கொட்டுவாள். நேற்றும் கொட்டினாள்.

கபன் துணி சுற்றிச் சந்தூக்குப் பெட்டியில் வைத்ததும் ஆண்கள் கூடத்தில் நின்றார்கள். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம். வழக்கப்படி பள்ளிவாசல் மாஹிர் ஹஜ்ரத் தலையசைக்க, ஜாபர் குரல் கொடுத்தான்.

"வாப்பா யாருக்காச்சும் ஏதாச்சும் தரணும்னா என்கிட்ட சொல்லுங்க. நான் பொறுப்பு."

"என்கிட்டயும் சொல்லுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் தன்னுடையதுதான் என்று மிஸ்பாவுக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்தில் நின்ற மாமி அவள் முழங்கையைக் கிள்ளினாள். கூடத்தில் யாரோ செருமினார்கள். கீழே தெருவில் ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பொம்பளப் புள்ள மையத்து முன்னாடி..." என்று ஒருவர் தொடங்கினார்.

"கடன் தீத்து மிஞ்சுறதுதான் பங்கு," என்றார் ஹஜ்ரத். "என்ன இருந்துச்சு, என்ன போச்சுன்னு தெரியாம மிஞ்சுனது எவ்வளவுன்னு எப்படித் தெரியும்? மகளும் வாரிசுதான். ஜாபர், தங்கச்சி கேட்டா சொல்லணும். தூக்குங்கப்பா."

ஜாபர் திரையைப் பார்க்கவில்லை. சந்தூக்கின் முன்காலைத் தோளில் வாங்கிப் படியிறங்கினான். கலிமா ஓதும் குரல்கள் தெருத் திரும்பும்வரை கேட்டன. அடக்கம் செய்யப் பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

மறுநாள் தாமுவேயில், அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு விரிப்பை மடிக்கும்போது செல்போன் அடித்தது. திரையில் 'வாப்பா' என்று வந்தது. எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. நின்று, மறுபடி அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தான்," என்றான் ஜாபர். "கடையிலதான் இருக்கேன். இப்பதான் சாத்தினேன்."

அவனுக்குப் பின்னால் அந்தப் பழைய மின்விசிறி கிறீச்சிட்டது.

"தேங்காக் கயிறு ஆறு கட்டு கிடக்கு. நைலான் அஞ்சு சுருள். ஒரு சீனர் வந்தாரு, வாங்கின சரக்குக்கு வாப்பா அவருக்குப் பாதிப் பணம் தரணுமாம். ஹஜ்ரத் உன்கிட்டயும் சொல்லச் சொன்னாரு... பேங்க்ல என்ன இருக்குன்னு திங்கக்கிழமை போய்க் கேக்கணும். நீயும் வந்துரு. மிஸ்பா, கேக்குறியா?"

கரண்ட் போனது. அவள் மெழுகுவர்த்தியைத் தேடவில்லை. இருட்டில் 'வாப்பா' என்ற அந்த ஒரு சொல் மட்டும் உள்ளங்கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ம்," என்றாள்.