ஒன்றுவிட்ட கோணம்

கணக்குத் தாளை மகள் தச்சனின் மடியில் போட்டாள். கடைசிக் கேள்விக்குச் சிவப்பு மையில் பெரிய தப்புக் குறி.

'இரண்டு இணைகோடுகளை ஒரு குறுக்குவெட்டி வெட்டுகிறது. ஒன்றுவிட்ட கோணங்கள் சமமா?'

அவள் எழுதியிருந்தாள்: 'சமம் இல்லை. ஒன்றுவிட்டது சொந்தம் ஆகாது.'

எட்டு மாதத்தில் முதல்முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"யாரு சொன்னா?"

"அத்தைதான். ஞாயித்துக்கிழமை சித்தி முன்னாடியே சொன்னாங்களே, ஒண்ணுவிட்ட சித்தி சொந்தச் சித்தி ஆகிடுவாளான்னு. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

இருந்தான். வாயைத் திறக்கவில்லை. மனைவி இறந்துபோனதிலிருந்து, யார் என்ன பேசினாலும் அவனுக்கு அடுத்த வீட்டில் பேசுவதுபோல்தான்.

சித்தி அவன் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று வந்தவள், இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா வந்துபோன மறுநாளே கிளம்புவதாகச் சொன்னாள். இன்று சாயங்காலம் பஸ். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் பாதி முடிந்த பலகைக் கதவு கிடந்தது. மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவே சாய்வாக ஒரு கட்டை.

"இங்க வா."

மேல்சட்டமும் கட்டையும் சேரும் இடப்பக்க மூலையில் அச்சாகப் பொருந்தும்படி ஓர் அட்டையை வெட்டினான். "இப்ப இதைத் தலைகீழாத் திருப்பி, கீழ்ச்சட்டத்துல வலப்பக்க மூலையில வை."

வைத்தாள். நூல்கூட நுழைய இடமில்லை.

"வேற சட்டம், வேற பக்கம். ஆனா அளவு ஒண்ணுதான்."

"அப்போ ஒண்ணுவிட்டதும் சமமா?"

"சமம்."

"அப்போ அத்தைக்கு முட்டை!"

"கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றாள் சித்தி உள்ளிருந்து. "அந்தக் கதவுக்கு வாய் இருந்தா இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கும்."

அவன் எழுந்து அறை வாசலில் போய் நின்றான்.

"அன்னைக்கு நான் பேசியிருக்கணும்."

"ஆமா."

"இப்ப பேசலாமா?"

"பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பேசுங்க."

"போகாதே."

கையிலிருந்த துணியை அவள் மடிக்கவில்லை. "ஒரு மணி நேரம் கொடுத்தேன், ஒரு வார்த்தைதானா, அத்தான்?" துணியைக் கீழே வைத்தாள். "இதை என்கிட்ட சொன்னாப் போதாது. உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

அவன் போனை எடுத்தான். மகள் ஓடிவந்து அவன் கையோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

"என்னடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணு சொல்லணும் அக்கா. முழுசாக் கேளு" என்றான்.