மரம் அக்காளுடையது

என் மச்சினன் சுதாகர் பெங்களூரில் இருந்துகொண்டே எங்கள் மலையில் ஆலத்தூர் நாட்டிலுள்ள தன் வீட்டை வாடகைக்கு விடுபவன். ஓடு ஒழுகினால்கூட வீடியோ காலில்தான் வந்து பார்ப்பான். இந்த முறை குடிவரப்போகிறவர்கள் விவரமானவர்கள். வீட்டில் யாருக்காவது அடிபட்டால் ஈடு கொடுக்க இன்சூரன்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டோம் என்றுவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் ஏஜெண்டு ரமேஷ்குமார் மலை வளைவுகளையெல்லாம் ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். படிக்கட்டையும் கரண்டு ஒயரையும் பார்த்தவர் வாசலில் நின்று அண்ணாந்தார். கூரைமேல் சாய்ந்த பலா மரத்தில் குடம் குடமாகக் காய்.

"இது தலையில விழுந்தா யாருங்க பொறுப்பு? ஊட்டுக்காரர் மரம்னா, வெட்டினாத்தானுங்க பாலிசி."

என்னோடு வீட்டைத் திறந்து காட்ட வந்திருந்த என் மனைவி விஜயாவுக்கு முகம் சுண்டிவிட்டது. என் மாமனார், போய்ச் சேர்ந்துவிட்ட மனுஷன், எங்கள் கல்யாணத்தன்று அவளுக்கு வாயால் கொடுத்த மரம் அது. எங்கள் ஊரில் மண் ஒருவருக்கும் மரம் இன்னொருவருக்கும் இருப்பது வழக்கம்தான். சுதாகர் மட்டும் ஒப்புக்கொண்டதே இல்லை. "என் மண்ணுல நிக்கறது என் மரம்" என்று பழம் பழுக்கும்போதெல்லாம் சண்டை. அவளுக்குப் பழம் பெரிதில்லை. அப்பா சொன்னதைத் தம்பி பொய்யாக்குகிறானே என்பதுதான் ஆற்றாமை.

ஏஜெண்டு சுதாகரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டுக் கண்ணாயியும் வந்துவிட்டாள்.

"மரம் உங்களுதுங்களா?"

"ஐயோ, இல்லீங்க! அது எங்கக்காளுது. அக்கா கல்யாணத்தப்பவே எங்கப்பா குடுத்துட்டாருங்க."

இத்தனை வருஷம் வராத ஞாபகம் இன்சூரன்சுக்கு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! விஜயா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு. கண்ணாயிக்குக் காது சரியாக் கேக்கலையாம்."

சொன்னான்.

"அப்ப மரத்துக்குப் பொறுப்பு நீங்கதானுங்க," என்றார் ஏஜெண்டு.

"என்ற மரந்தானுங்க. பழுக்கறதுக்கு முன்னயே கயிறு கட்டி எறக்கிருவேன்," என்றாள் விஜயா. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

பாலிசியும் வந்தது, குடியும் வந்தது. ஆனி மாதம் சுதாகர் போன் செய்தான்.

"அக்கா, லீவுல வாரேன். எனக்கு ஒரு பழமாச்சும் கெடைக்குமா?"

"மரத்துக்காரி நான் இருக்கறேன், வா சாமி. பெருசாப் பாத்து எடுத்து வெக்கறேன். மரத்தடியில மட்டும் நிக்காத. உன்ற இன்சூரன்சு குடியிருக்கறவங்களுக்குத்தான்."