சாண் அகலச் சந்துக்கு ஒரு பேட்டரி ரம்பம்

1

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: தமிழ்க் கதையுலகம் இதுநாள்வரை கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பெரும்பொருளை இன்று நான் கையில் எடுக்கிறேன். அது ரம்பம். அதுவும் வயர் இல்லாமல், பேட்டரியில் ஓடி, சந்துபொந்தில் நுழைகிற ரம்பம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு என்னுடையது இல்லை. 1997 தீபாவளிக்கு முந்தின வாரம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் பஸ்ஸில், முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து தங்கபாய் சொன்னது. ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். “அண்ணாச்சி, கண்டதையும் எழுதுதீய. இதயும் எழுதுங்க.” தீபாவளி மலர்க்காரர்களோ இரண்டு நாளில் கதை கேட்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: “காசிராஜனின் கைகள் உழைப்பின் காவியம். அந்த விரல்களின் ஒவ்வொரு ரேகையிலும்—”

(வேண்டாம். அந்தக் கையை நான் பார்த்ததில்லை. வலது கையில் இரண்டு விரல் மரத்துவிட்டது, அவ்வளவுதான் தெரியும்.)

இரண்டாம் தொடக்கம்: காசிராஜன் அந்த மில்லின் ஃபிட்டர். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் சந்து. அதற்குள் போகும் குழாய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து ஒழுகும். ரம்பச் சட்டம் உள்ளே நுழையாது. பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு முனையில் துணி சுற்றி, கையைச் சந்துக்குள் விட்டு இழுக்க வேண்டும். இருபது வருடம் இழுத்தார். ‘இனிமே இழுக்காத’ என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். ‘அப்ப கேட்டுக்குப் போ’ என்றார் மேனேஜர் சௌந்தரபாண்டியன்.

கேட் வேலை என்றால், ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையையும் தூக்குவாளியையும் திறந்து பார்க்க வேண்டும். காசிராஜனின் மனைவி வெள்ளத்தாய்க்கும் அதே மில்லில்தான் வேலை.

“அவ வாளியையும் நான் தொறந்து பாக்கணுமா சார்? பொறவு அவ போடுற சோத்த எந்த மூஞ்சிய வச்சுத் திங்க? ஒரு மெசின் வாங்கிக் குடுங்க. நான் ஃபிட்டராவே இருந்துட்டுப் போறேன்.”

இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது. நான் எழுதவில்லை என்பதால் இருக்கலாம்.

3

மெசின் வாங்க மில்லில் கமிட்டி கூடியது.* மேனேஜரின் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கேட்டலாக்கில் மூன்று ரம்பங்கள்.

“சந்து எம்புட்டு அகலம்?” என்றார் மேனேஜர்.

“ஒரு சாண் சார்.”

“யார் சாண்?”

காசிராஜன் கையை விரித்தார். மரத்த விரல்கள் முழுக்க விரியவில்லை.

மேனேஜருக்கு முதல் படத்தின் மேல் ஆசை. துப்பாக்கி மாதிரி நீளம். “வாங்குறதே வாங்குறோம், பாக்க ஒரு கம்பீரம் வேண்டாமா?”

“சார், இது சந்துக்குள்ள போவாது. சந்துதான் இதுக்குள்ள போவணும்,” என்றார் தங்கபாய்.

இருப்பதிலேயே பொடிசான மூன்றாவது ரம்பத்துக்கு, வேண்டாவெறுப்பாகக் கையெழுத்து விழுந்தது.

(* மூன்று முறை கூடியது. அதில் ஒரு முழுக் கூட்டம், இதற்கு ‘முன்பின் இயங்கு அறுவைப் பொறி’ என்று பெயர் வைப்பதற்கு.)

4

ரம்பம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. காசிராஜன் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “இது போதும் சார்” என்றார். அவர் கண் கலங்கியது என்று எழுதி அடித்துவிட்டேன். தங்கபாய் அப்படிச் சொல்லவில்லை.

“மொதல்ல பூஜை. பொறவுதான் வேலை,” என்றார் மேனேஜர். சந்தனத்தைக் குழைத்து அவரே பூசினார். பிடியில் பூசினார், மூக்கில் பூசினார், பேட்டரி நுழைகிற குழிக்குள்ளும் விரலை விட்டுப் பூசினார்.

“சார், அது பேட்டரி போற எடம்!”

“சாமிக்கு உள்ள வெளிய உண்டா தங்கபாய்?”

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் எடுத்தபோது சந்தனம் சிமெண்டாக இறுகிக் கிடந்தது. பேட்டரி உள்ளே போகவில்லை. மேனேஜர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே ஏதோ தகடு ஒடிந்தது. அன்றைக்கென்று சந்துக்குள் குழாய் ஓட்டை விழுந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது. எல்லோரும் காசிராஜனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஏற்கெனவே பிளேடை ஒடித்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

5

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

(அ) மதுரையில் ரம்பத்தைச் சரிசெய்து கொண்டுவருகிறார்கள். மேனேஜர் மனம் திருந்துகிறார். நல்ல மனசுக்காரர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

(ஆ) காசிராஜன் பிளேடை மேனேஜர் காலடியில் வீசிவிட்டு ஒரு வசனம் பேசுகிறார். வசனத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்குக் கை வலிக்கிறது.

“நெசத்துல என்ன ஆச்சு?” என்று நான் பஸ்ஸில் கேட்டது தப்பு.

“ஃபைல்ல மெசின் வந்துட்டதா எழுதியாச்சே அண்ணாச்சி. மெசின் இருக்கப்ப அறுக்கிறதுக்கு ஃபிட்டர் எதுக்குன்னு காசிராஜனக் கேட்டுக்கு மாத்திட்டாவ. வெள்ளத்தாய் மதினி அவிய கேக்குறதுக்கு முன்னாலயே வாளியத் தொறந்து காமிச்சுட்டுப் போயிருதாவ.”

வேண்டிய முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒழுகினால் கேட்டிலிருந்து காசிராஜனைத்தான் கூப்பிடுகிறார்கள்.