இரவல் வானம்

இரண்டு ஆல்பங்களையும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, தன் கல்யாணப் படத்துக்குப் பேச வந்த பவதாரிணி என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏக்கா, இது திருமங்கலத்துக் கல்யாணம். இது திருப்பரங்குன்றத்துக் கல்யாணம். ரெண்டுக்கும் எப்படி ஒரே வானம்?"

வசமாக மாட்டிக்கொண்டேன். முனிச்சாலையில் என் அண்ணன் அனீஸ் நடத்தும் ஸ்டுடியோவில் நான் பின்னறைக்காரி. வெளியே போய்ப் படமெடுப்பதெல்லாம் அவன். கணினி முன்னால் உட்கார்ந்து மணமகள் கன்னத்துப் பருவை அழிப்பது, மாமனாரின் தொப்பையை உள்ளே தள்ளுவது, ஜோடிக்குப் பின்னால் பால்வீதியை ஒட்டுவது எல்லாம் ஷைமாவாகிய நான். அந்தப் பால்வீதியை எவன் எந்த ஊரில் எடுத்தானோ, இணையத்தில் சும்மா கிடைத்தது. எங்களிடம் படமெடுத்துக்கொண்ட அத்தனை ஜோடிகளின் தலைக்கு மேலும் அதே நட்சத்திரங்கள்தான் மின்னுகின்றன. இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இவள் திருமங்கலத்தில் கால்நடை மருத்துவர். மாட்டுக்கு மாடு வித்தியாசம் பார்த்துப் பழகிய கண்.

"எனக்கு ஒட்டு வேணாம்க்கா. திருவாதவூர்ல எங்க வயல் இருக்கு. எங்க அப்பா கூலிக்கு நாத்துச் சொமந்த வயலு. போன வருசம் நாங்களே கிரயம் பண்ணிட்டோம். அதுல அப்பாவும் நானும் நிக்கணும். மேல அந்த ஊரு வானம் இருக்கணும். நெலத்தச் சொந்தமா வாங்கிட்டு வானத்த இரவல் வாங்கச் சொல்றீங்களா?"

அனீஸ் சிரித்துவிட்டான். "மதுரப் பக்கம் அதெல்லாம் கேமராவுல விழாதும்மா. ரெண்டு பேரையும் நிப்பாட்டி ஃபிளாஷ் போட்டு எடுத்துக்கிருவோம். வானத்த இவ பாத்துக்கிருவா."

இவ பாத்துக்கிருவா. அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! "நான் போய் எடுத்துட்டு வாரேன்," என்று வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பெரிய மனசு பண்ணி ஒரு நிபந்தனை போட்டான். வெறுங்கையோடு திரும்பினால் இனி நான் கேமரா பக்கமே வரக் கூடாது, பின்னறைதான். சரி என்றேன்.

நட்சத்திரத்துக்கு நிலவில்லாத இரவு வேண்டும். ஆனி அமாவாசை கல்யாணத்துக்கு நெருக்கத்தில் வந்தது. மறுநாளிலிருந்து அவர்கள் தெருவெங்கும் சீரியல் செட் விளக்குப் போட்டுவிடுவார்கள், வானம் அழுது வடியும். ஆகவே அந்த ஒரு ராத்திரிதான் எங்களுக்கு. விட்டால் மறுபடியும் இணையத்து வானம்தான்.

கிளம்பும்போது அம்மா அமீருன்னிசா வாசலில் நின்றாள். "மஃரிபு தொழுகைக்கு மேல, இருட்டுன பெறகு, பொட்டக் காட்டுல ஒனக்கு என்னடி வேல?" என்றாள். "படம் எடுக்குற வேலம்மா," என்று சொல்லி ஸ்கூட்டியைக் கிளப்பினேன். ஒத்தக்கடை தாண்டித் திருவாதவூர் போய்ச் சேர்ந்தால் அங்கே இன்னோர் அம்மா வாசலை மறித்து நின்றாள். பவதாரிணியின் அம்மா ராக்கம்மாள்.

"பந்தக்கால் ஊண்டுன வீடு இது. அமாவாசையும் அதுவுமா கல்யாணப் பொண்ணு வாசப்படி தாண்டுவாளா? காத்துக் கருப்பு அடிச்சா யாரு பதில் சொல்றது?"

"காத்துக் கருப்பு வந்தா ஊசி போட்டு அனுப்பிருறேன். தள்ளும்மா."

ராக்கம்மாள் என்னை முறைத்த முறைப்பில், இந்த யோசனையே என்னுடையது என்று அவள் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. பேசிப் பார்த்தாள், கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். கடைசியில் உள்ளே போய்க் கதிரறுவாளைக் கொண்டுவந்து மகள் கையில் திணித்தாள். கையில் இரும்பு இருந்தால் எதுவும் அண்டாதாம். பச்சைப் பட்டுச்சேலையும் கதிரறுவாளுமாகப் பவதாரிணி நடக்க, முன்னால் அவள் அப்பா அழகுமலை செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு போனார். எனக்கென்னவோ அவளை அப்படியே ஒரு படம் எடுத்து ஸ்டுடியோ வாசலில் மாட்ட வேண்டும்போல் இருந்தது.

வயலுக்குப் போய் வெளிச்சத்தை அணைத்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தென்மேற்கில் மதுரை நகரத்து வெளிச்சம் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. கண் பழகப் பழகத் தென்கிழக்கில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து, பிறகு மொத்தமாக வந்துவிட்டன. பால்வீதி, வெள்ளையாக, அகலமாக, புகை மாதிரி. என் கணினியில் கிடக்கும் நீலமும் ஊதாவும் இதில் இல்லை. இத்தனை நாள் இதன் கீழேதான் குடியிருந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

கேமராவை முக்காலியில் மாட்டி, அப்பாவையும் மகளையும் வரப்பில் நிறுத்தி, பட்டனை அழுத்தினேன். படம் விழவில்லை. லென்ஸ் கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் ஓடித் தேடியது. மறுபடி அழுத்தினேன். ஷட்டர் அசையவே இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஊஹூம். அனீஸுக்குப் போன் போட்டேன்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல. ஃபிளாஷ் போட்டு ஒண்ணு தட்டிட்டு வா தாயே, நம்மகிட்ட வானம் இருக்குல்ல," என்றான். பின்னால் அவன் சேக்காளிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். இனி ஃபிளாஷ் போட்டு எடுத்தால் நான் அமீருன்னிசா மகள் இல்லை.

பிறகுதான் மண்டையில் உறைத்தது. இது கல்யாணக் கேமரா. தாலி கட்டும் நேரத்தில் எவராவது குறுக்கே விழுந்து படம் கலங்கிவிடக் கூடாது என்று, ஃபோகஸ் பிடித்தால்தான் ஷட்டர் விழும்படி அனீஸ் அதைக் கட்டிப்போட்டிருந்தான். மண்டபத்தில் அது சாமர்த்தியம். இங்கே இருட்டில் அதற்குப் பிடிக்க என்ன இருக்கிறது? தேடிக்கொண்டே இருக்கும். லென்ஸின் பக்கவாட்டில் இருந்த தானியங்கிப் பொத்தானை அணைத்து, ஃபோகஸைக் கைக்கு மாற்றி அழுத்தினேன். ஷட்டர் திறந்தது. பவதாரிணி கதிரறுவாளை வரப்பில் வைத்துவிட்டு இருட்டுக்குள் கை தட்டினாள்.

வந்த படத்தைப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி உப்பிப் போயிருந்தது. நட்சத்திரம் எம்புட்டுத் தூரம், அதற்கு மேல் தூரம் ஏது என்று லென்ஸ் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தேன். அந்த வளையமோ நட்சத்திரத்தையும் தாண்டித் திரும்புகிறது! கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று திருகித் திருகி எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஜவ்வரிசிதான். மேகம் ஒன்று வேறு தெற்கேயிருந்து மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது.

"முடியலேன்னா விட்ருவோமாக்கா?" என்று பவதாரிணி கேட்டாள். அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

"சும்மா நில்லுங்க டாக்டரம்மா," என்று சத்தம் போட்டேன். துப்பட்டாவை இழுத்துக் கேமராவையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டேன். திரையில் இருப்பதிலேயே பெரிய நட்சத்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். பருவைப் பெரிதாக்கிப் பார்த்து அழிப்பதுதானே என் பிழைப்பு, நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு எவன் சொல்லித் தர வேண்டும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தை இம்மி இம்மியாகத் திருப்பினேன். பொட்டு சுருங்கியது, சுருங்கியது, ஊசி முனை ஆனது, மறுபடி உப்பத் தொடங்கியது. ஊசி முனைக்குத் திரும்பி வந்து நிறுத்தினேன். வளையம் நகராமல் இருக்க ஒட்ட ஏதாவது வேண்டும் என்றதும் பவதாரிணி கைப்பையிலிருந்து மாட்டுக்குப் போடும் பிளாஸ்திரியை எடுத்துக் கொடுத்தாள். விரல் பட்டு ஆடாமலிருக்க டைமரையும் வைத்தேன். ஷட்டர் இருபது விநாடி திறந்திருக்கும், அதுவரை அவர்கள் அசையக் கூடாது.

நட்சத்திரங்கள் கூர்கூராக வந்துவிட்டன. மகளும் வந்துவிட்டாள். அழகுமலை இருந்த இடத்தில் மட்டும் ஒரு புகை.

"அய்யா, ஆடாம நிக்கணும்."

"நிக்கிறேன் தாயி."

மறுபடி எடுத்தேன். மறுபடி புகை. இந்த முறை கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஷட்டர் திறந்த கொஞ்ச நேரத்திலேயே மனிதர் குனிந்து வரப்பில் இருந்த அருகம்புல்லைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். பிறகு மண்ணைக் காலால் தள்ளினார். பிறகு வேட்டியை இறக்கினார், ஏற்றினார்.

"என்னாங்கய்யா இது, கொஞ்ச நேரம் நிக்கிறதுக்கு அம்புட்டுக் கஷ்டமா?" எனக்குப் பொறுமை போய்விட்டது.

அவர் கையிலிருந்த புல்லைப் பார்த்தார். "இந்த வயல்ல நின்னு பழக்கம் இல்ல தாயி," என்றார். "அப்ப இந்த நெலத்துக்குச் சொந்தக்காரவுக, வெள்ளைத்துரை அவுக அப்பா, வரப்புல குடையோட இருப்பாக. இடுப்பு வலிக்குதேன்னு செத்த நேரம் நிமிந்தம்னா, 'என்னடா நிக்கிற, நெலம் ஒங்கப்பனுதா'ம்பாக. அதுக்குப் பயந்தே கையி ஏதாச்சும் செஞ்சுக்கிட்டே இருக்கும். வாங்குனதுக்கப்புறமும் இங்க வந்தா வேலயத்தான் பாக்குறேன். சும்மா நின்னதில்ல."

பவதாரிணி அவர் கிட்டே போனாள். அவர் கையிலிருந்த புல்லை வாங்கி எறிந்துவிட்டு, அவர் உள்ளங்கை மண்ணைத் தன் பட்டுச்சேலையில் துடைத்தாள். "நெலம் ஒங்களுது. நில்லுங்கப்பா," என்றாள்.

மேகம் பாதி வானத்துக்கு வந்துவிட்டது. அழுத்தினேன். டைமர் ஓடி ஷட்டர் திறந்தது. அழகுமலையின் கை வேலை தேடி வேட்டிப் பக்கம் போகப் பார்த்தது அந்த இருட்டிலும் தெரிந்தது. ஆனாலும் நின்றார். அப்போது பக்கத்து வயல் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு டார்ச் எரிந்தது.

"எவன்டா அது, வயல்ல நின்னுக்கிட்டு இருக்கவன்?" "வெள்ளைத்துரை," என்று பவதாரிணி தலையைத் திருப்பாமலே முணுமுணுத்தாள். வெளிச்சம் வரப்பைத் தடவிக்கொண்டு வந்து, பட்டுச்சேலையில் ஏறி, அழகுமலையின் முகத்தில் விழுந்தது. படம் போச்சு என்று எனக்குப் பதறியது. ஆனால் இதுவரை எடுத்த எதிலும் அவருக்கு முகமே இருந்ததில்லை, வானத்துக்கு முன்னால் வெறும் கறுப்புப் புகைதான்; இந்த வெளிச்சம்தான் அவருக்கு முகம் கொடுத்தது.

"கேக்குறேன்ல, என்னத்துக்கு நிக்கிற?"

ஷட்டர் மூடியது. "முடிஞ்சிருச்சுங்கய்யா, இனி அசையலாம்," என்றேன். அவர் அசையவில்லை. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முகத்தில் விழுந்த வெளிச்சத்தை நேராகப் பார்த்தபடி, நின்றுகொண்டே இருந்தார்.