மாதவிக்கு வியாழன், அவருக்கு வெள்ளி

லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வெங்கடநாராயணனுக்குப் போன சித்திரையிலிருந்து எல்லாக் கிழமையும் அவர் மனைவி மாதவிக்கு வருவதற்கு ஒரு நாள் முந்தி வந்துவிடுகிறது. அவளுக்குத் திங்கள் என்றால் அவருக்குச் செவ்வாய். ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அவர் தட்டருகே செவ்வாய்க்கிழமைப் பேப்பர், அவள் தட்டருகே திங்கள்கிழமைப் பேப்பர். இரண்டையும் போடுவது ஒரே பேப்பர்காரன். அவன் இரண்டுக்கும் சேர்த்து பில் வாங்கிக்கொள்வதோடு சரி, காரணம் கேட்டதில்லை.

வெங்கடநாராயணன் வங்கியில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். குற்றம் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மகள் சுப்ரியா கல்யாணம் செய்துகொள்ளவிருந்த வங்காளிப் பையன் ரஞ்சன்தான், சால்ட் லேக்கில் ஒரு கம்பெனி குடும்ப நாட்காட்டிச் செயலி ஒன்று செய்திருப்பதாகவும், வெளியிடுவதற்கு முன் பயன்படுத்திப் பார்த்துப் பிழை சொல்ல ஆள் தேடுவதாகவும், சம்பளம் கிடையாது என்றும் சொன்னான். "சம்பளம் வாங்காம குத்தம் சொல்றதுதானே? அதைத்தான் அப்பா ஆத்துல தினமும் பண்ணிண்டிருக்கார்" என்றாள் சுப்ரியா. அவர் அன்றைக்கே பெயர் கொடுத்தார்.

செயலி கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு வருஷப் பிறப்பு என்றைக்கு என்பது. அவர் தமிழ் வருஷப் பிறப்பைத் தொட்டார். மாதவி இதே ஊர் பவானிபூரில் வங்காளிகள் நடுவே பிறந்து வளர்ந்தவள். பக்கத்து வீட்டு அண்ணி போவ்தியோடு வங்காளி வருஷப் பிறப்பான பொய்லா பொய்சாக் கொண்டாடியே பழக்கம். அவள் தன் ஃபோனில் அதற்கு மறுநாளைத் தொட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பதில் வந்திருக்கிறதே, யார் சொல்வது சரி என்று செயலி கேட்டது. அவர் அபூர்வமாகப் பெருந்தன்மை காட்டி "இருவரும்" என்று அழுத்தினார். பெண்டாட்டியை விட்டுக்கொடுக்காமல் அவர் செய்த ஒரே காரியம் அது. அதுவே வினையாக முடிந்தது.

பேச்சுக்குத் தடையில்லை, சண்டை அன்றன்றே நடந்தது. ஆனால் மாதவி கையிலிருந்து அவர் கைக்குப் போகிற எதுவும் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. அவள் நீட்டிய காபி டம்ளர் விரலை விட்டதும் காணாமல் போகும். அடுத்த நாள் அதே வேளைக்கு, சூடு ஆறாமல், அவர் கையில் இருக்கும். ஏகாதசி தனித்தனியாக வந்ததால் ஒருவர் பட்டினி கிடக்கையில் மற்றவர் எதிரே உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டார். அவர் விடாமல் புகார் எழுதினார். "எங்கள் பக்கத்தில் இந்தப் பிழை வரவில்லை, ஃபோனை அணைத்துப் போடவும்" என்று கம்பெனி பதில் போட்டது. அணைத்துப் போட்டார். செயலியையே அழித்தும் பார்த்தார். தன் நாள் சரியா அவள் நாள் சரியா என்று அவருக்கே புரியவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் இரண்டும் சரிதான் என்றார்கள்.

இந்த நிலையில் கல்யாணம் வந்தது. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம், அந்த ஞாயிறே பெண்ணும் மாப்பிள்ளையும் கனடாவுக்குப் போகவேண்டும். மாதவிக்குத் தூக்கம் போயிற்று. கன்னிகாதானத்தில் பெண் அப்பா மடியில் உட்கார, அவள் கையை அவர் மாப்பிள்ளை கையில் வைக்க, அதன்மேல் அம்மா ஜலம் வார்க்க வேண்டும். "நான் விட்ட ஜலம் மறுநாள்னா வரும்? எம் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகாம போயிடுமோ?" என்று அழுதாள். வியாழக்கிழமையே வார்த்து வைத்துவிட்டால் என்ன என்று வெங்கடநாராயணன் யோசனை சொன்னார். வாத்தியார் சிவராம சாஸ்திரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. "முகூர்த்தத்துக்கு முன்னாடி விட்ட ஜலம் செல்லாது மாமா. முகூர்த்தத்துல விடட்டும், எப்ப வேணா வரட்டும். ஆனா வந்து விழற வரைக்கும் யாரும் கையை எடுக்கப்படாது, பொண்ணும் மடியை விட்டு எழுந்திருக்கப்படாது."

அப்படியே நடந்தது. மாதவிக்கு அன்று வியாழன்தான். சம்பந்தி வீட்டார் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள் என்று அங்கலாய்த்துக்கொண்டே வந்து செம்பைச் சாய்த்தாள். ஜலம் ஒரு சாண் இறங்கிக் காணாமல் போயிற்று. எல்லாரும் காத்திருந்தார்கள். ரஞ்சனின் உறவினர்கள் இது மதராஸிகளின் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, பெண்ணை அனுப்ப இவ்வளவு தயங்குகிற ஜனங்களைப் பார்த்ததில்லை என்று புகழ்ந்தார்கள். பந்தி மேல் பந்தி நடந்தது. மணப்பெண்ணுக்கு மாதவி ஊட்டினாள், வெங்கடநாராயணனுக்கு அவர் தம்பி ஊட்டினார்.

வளர்ந்த பெண்ணின் பாரத்தில் அவருக்குத் தொடை மரத்துப்போனது. மகள் ஆபீசில் என்னதான் வேலை செய்கிறாள் என்று அவர் அன்றுதான் கேட்டார். அவள் விவரமாகச் சொன்னாள். பாதி புரியவில்லை, இருந்தாலும் குறுக்கே பேசவில்லை. பிறகு அவள் சின்ன வயதில் தூங்கியதுபோல வாயைத் திறந்துகொண்டு அவர் தோளில் தூங்கிப்போனாள். அவளை எத்தனை நாள் இப்படி வைத்திருந்திருக்கலாம் என்று நினைத்து அவர் அழுதார். கைகள் மாட்டிக்கொண்டிருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை.

மறுநாள் அதே வேளைக்கு ஜலம் வந்தது. அவர் கையில் விழுந்து, சுப்ரியா கையில் வழிந்து, ரஞ்சன் கைக்கு இறங்கியது. கண்ணயர்ந்திருந்த நாதஸ்வரக்காரரை எழுப்பினார்கள். சுப்ரியா புடவையை ஒதுக்கிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"மாதவி, இன்னும் கொஞ்சம் ஜலம் விடு" என்றார் வெங்கடநாராயணன்.

மாதவி வாத்தியாரைப் பார்த்தாள். சாஸ்திரிகள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "மாமிக்கு இன்னிக்குத்தானே வெள்ளிக்கிழமை? முகூர்த்தம்தான், விடலாம்" என்றார். அவள் செம்பைச் சாய்த்தாள். சுப்ரியா மறுபடி அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டாள். ரஞ்சன் சும்மா இருந்த இடது கையால் ஃபோனை எடுத்து விமான டிக்கெட்டை மாற்றப் பார்த்தான். உள்ளே சமையற்காரர் அடுத்த வேளைக்கு அரிசி களைந்து உலையில் போட்டார்.