1979 இறுதியாட்டத்தின் பதினைந்தாவது ஆள்

கவுண்டிக் கோப்பையின் நூற்று நாற்பது வருட வரலாற்றை எழுதும் பொறுப்பு டெரிக் மஸ்கிரேவுக்குப் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே நெவில் ஃபியரன் தலையில் அடித்துக்கொண்டார். எழுத வேறு ஆளா கிடைக்கவில்லை? ஸ்கார்பெக் ரக்பி கிளப் அந்தக் கோப்பையை வென்றது ஒரே ஒரு தடவை, 1979-இல். கடைசி நிமிடத்தில் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய் வைத்தவர் டெரிக் மஸ்கிரேவ் என்று கிளப் சுவரில் தங்க எழுத்தில் இருக்கிறது. அன்று மத்தியானம் டெரிக் பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் பூசணிக்காயாகி, வீட்டில் கம்பளிக்குள் முனகிக்கொண்டு கிடந்தார். ஓடியது நெவில்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் வடக்கே கம்பர்லாந்து கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ரக்பி இரண்டு வகை. லீக் ஆடினால் காசு உண்டு. யூனியன் ஆடினால் சல்லிக்காசு கிடையாது, கௌரவம் மட்டும். லீக் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தவனுக்குக்கூட யூனியன்காரர்கள் ஆயுள் தடை போட்டார்கள். நெவில் இருபத்திரண்டு வயதில் லீக் அணி ஒன்றில் மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தால் வீட்டில் யூனியனின் கடிதம் காத்திருந்தது. மைதானம் மட்டுமல்ல, கிளப் வாசற்படியைக்கூட இனி மிதிக்கக் கூடாதாம். கொலை செய்தவனையே பதினாலு வருடத்தில் வெளியே விட்டுவிடுகிறார்கள்!

மூன்று வருடம் கழித்து, இறுதியாட்டத்தன்று காலையில் கேப்டன் வில்ஃப் டிக்சன் வந்து கதவைத் தட்டினார்.

"டெரிக் படுத்துட்டான். அவன் சட்டையை நீ போட்டுக்க. எவனாவது கேட்டா நீதான் டெரிக்."

"மாட்டினா உனக்கும் ஆயுசுக்கும் தடைடா, வில்ஃப்."

"அது எனக்குத் தெரியாதா? பேசிக்கிட்டு நிக்காம பூட்ஸை எடு."

ஜெயித்ததும் அதே வில்ஃப் காதோரம் வந்தார். "படம் எடுக்க வர்றாங்க. ஓடிப்போய்க் குளி. வெளியே தலைகாட்டாதே." வெற்றிப் படத்தில் பதினாலு பேர்தான் நிற்கிறார்கள். நெவில் பெரிய வெந்நீர்த் தொட்டியில் தனியாக உட்கார்ந்து வெளியே போட்ட கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு யூனியனிலும் காசு வந்தது, தடையெல்லாம் காற்றில் போனது. வில்ஃப் இருந்தவரை நெவில் வாய் திறக்கவில்லை. போன வருடம் வில்ஃபும் போய்ச் சேர்ந்தார். நெவிலுக்கு எழுபது ஆகிறது. சாவதற்குள் அந்த ஓட்டம் தன் பேரில் எழுதப்பட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. வெட்கத்தை விட்டு டெரிக் வீட்டுக்குப் போனார்.

"ஒரே ஒரு வரி, டெரிக். அன்னிக்கு ஓடினது நெவில் ஃபியரன்னு. இனிமே யாரு என்ன பண்ணப் போறாங்க?"

டெரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தடைதான் போச்சு. ஆடக்கூடாத ஆளை இறக்கினா கோப்பை எதிராளிக்குங்கிற விதி போகலியே. இப்பவும் புடுங்கிடுவாங்க."

"அப்ப என் பேரு?"

"வரும்யா! நீ இல்லாம இந்தக் கோப்பைக்கு ஏது வரலாறு? நான் பாத்துக்கறேன், போ."

மனிதர் நம்பினார். அடுத்தவன் ஓட்டத்தைத் தன் ஓட்டமென்று நாற்பத்தைந்து வருடம் கூசாமல் சொல்லித் திரிந்த வாயை நம்பி, வீட்டுக்கு வந்து மனைவி மாரீனிடம் நல்ல கோட்டைத் தேய்த்து வைக்கச் சொன்னார்.

மார்ச் மாதச் சனிக்கிழமை மத்தியானம் புத்தக வெளியீடு. கிளப்புக்குள் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் வெந்த வாசனை, கையில் பியர் கிளாஸோடு பக்கத்து ஊர்க் கிழவர்கள், மேசை நடுவில் கோப்பை. நெவில் பக்கங்களைப் புரட்டினார். பனியில் நடந்த முதல் இறுதியாட்டம், பாதிக் கிளப்புகள் லீக்குக்குத் தாவிய வருடம், யுத்த காலத்தில் கோப்பையைப் பாங்கில் பூட்டி வைத்த கதை என்று எல்லாம் இருந்தது. 1979-க்கு இரண்டு முழுப் பக்கம். மஸ்கிரேவ் மின்னலாய்ப் பாய்ந்தாராம். புருவம் கிழிந்து வைத்தியரிடம் போனதால் படத்துக்கு நிற்க முடியவில்லையாம்.

நெவிலின் பேர் எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது.

'ஒழுங்கு விஷயத்தில் கவுண்டி எக்காலத்திலும் கண்டிப்புக் காட்டியது. லீக் பக்கம் போன ஸ்கார்பெக்கின் என். ஃபியரன் 1976-இல் ஆயுள் தடை பெற்றார். அதன்பின் அவர் எந்த மைதானத்திலும் இறங்கவில்லை.'

மாரீன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "அடப்பாவி! இவன் விளங்குவானா? எழுந்திரு நெவில், போலாம்."

நெவில் எழவில்லை. தடை போட்டவனைவிட, தன் கால்களைக் கடன் வாங்கிக்கொண்டு இல்லையென்று சாதிப்பவன் மேல்தான் அவருக்கு ஆத்திரம் பொங்கியது.

அப்போது கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு நெட்டைக் கிழவர் எதிரே வந்து உட்கார்ந்தார். ரெஜி பென். அந்த இறுதியாட்டத்தில் எதிரணியின் கடைசிக் காவல் ஆள். நெவிலையே உற்றுப் பார்த்தார்.

"இந்த மூஞ்சியை நான் ஒரு சாண் தூரத்துல பாத்திருக்கேன். உன் காலர் என் கையில இருந்துச்சு. பிச்சுக்கிட்டு ஓடினே. அடுத்த வருஷம் நிஜ டெரிக்கோட ஆடினேன், அவன் என் தோளுக்குக்கூட வரல. அன்னியிலேருந்து உன்னைத் தேடறேன்யா."

நெவில் புத்தகத்தை மூடி வைத்தார்.

"என்னா ஓட்டம்! அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, என்னை எவனும் அப்படித் தாண்டினதில்ல," என்றார் ரெஜி. இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை முதல்முதலாகச் சொன்னவர் எதிராளி. நெவிலின் கண் கலங்கிவிட்டது.

ரெஜி குரலைத் தாழ்த்தினார். "அதோ கவுண்டித் தலைவர் நிக்கறார். நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லு. கோப்பை எங்க ஊருக்கு வரும். உன் பேரு புஸ்தகத்துல ஏறும். ரெண்டு பேருக்கும் நியாயம்."

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுவரிலிருந்த பதினைந்து பேரில் ஒன்பது பேர் இன்று மண்ணுக்குள். வில்ஃபின் கல்லறைக் கல்லில் '1979 கேப்டன்' என்பதைத் தவிர வேறு பெருமை எதுவும் பொறித்திருக்கவில்லை. தன் ஆட்டமே பறிபோகும் என்று தெரிந்தும் வந்து கதவைத் தட்டிய ஆள் அவன் ஒருவன்தான். அவன் கல்லிலிருந்து அதை எந்த உளியால் செதுக்கி எடுப்பது?

"நீ ஆளை மாத்திப் பாக்கறே," என்றார் நெவில்.

"பொய் சொல்றே."

"புஸ்தகத்துலேயே போட்டிருக்கே. எண்பத்தெட்டாம் பக்கம். நான் எந்த மைதானத்துலயும் இறங்கல."

ரெஜியின் முகம் சுண்டிப்போயிற்று. அவர்கள் பேசுவதைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்த டெரிக், இரு கையிலும் பியர் கிளாஸோடு விரைந்து வந்தார்.

"என்ன ரெஜி, இன்னுமா அந்த வயித்தெரிச்சல்? சந்தேகம்னா இவனையே கேளு. நான் உன்னைத் தாண்டினப்ப கயித்துக்கு வெளியே கூட்டத்தோட நின்னு பாத்தவன் இவன். சொல்லு நெவில், பாத்தேதானே?"

மாரீன் புருஷனின் முழங்கையை இறுகப் பிடித்தாள். ரெஜி கைத்தடிமேல் சாய்ந்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்," என்றார் நெவில். "நல்லா ஓடினே, டெரிக்."