ஊசிக்கும் களிக்கும் நடுவே

கோயில் வாசலில் சென்றாயன் ஆடத் தொடங்கியதும் கூட்டம் கைகூப்பிவிட்டது. வேட்டி நனையும் அளவுக்கு வியர்வை, குழறுகிற நாக்கு, எங்கோ நிலைகுத்திய கண்கள். மலைமேலுள்ள வளப்பூர் நாட்டில் இதற்கு ஒரே அர்த்தம்தான். பூசாரி அர்த்தனாரி திருநீற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். இத்தனை வருடமாகச் சாமி தன் மேல் மட்டும்தான் வரும் என்று இருந்த மனிதருக்கு முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிருந்தது.

சென்றாயனின் மனைவி மாதம்மாள் மட்டும் கைகூப்பவில்லை. புருஷனுக்குச் சர்க்கரை வியாதி. புளியஞ்சோலை வழியாக மலையிறங்கி, ஆஸ்பத்திரியில் ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்தவள் அவள்தான். மருந்துப் புட்டியை ஈரமணலில் புதைத்து வைத்து, தினமும் காலையில் அவளே போட்டுவிடுகிறாள். ஊசி போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துக் கொட்டி உளறுவார், அப்போது வாயில் இனிப்பு வைக்காவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று கம்பவுண்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்று ஊசியைப் போட்டுக்கொண்ட மகராசன், பொங்கல் வைக்கும்வரை விரதம் என்று களியைத் தொடாமல் வந்து நின்றிருக்கிறார். அவள் வீட்டுக்கு ஓடி, தேன் குடுவையோடு திரும்பிவந்தாள்.

"வந்திருக்கறது ஆருங்க சாமி? பேரச் சொல்லுங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தார் அர்த்தனாரி.

"பாவாயி."

பாவாயி மாதம்மாளுக்கும் சென்றாயனுக்கும் ஒரே மகள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போனவள்.

"ஆத்தா, காலு சில்லுனு இருக்குது. கம்பளிய இழுத்து உடு. வெளக்க அணைக்காத."

தேன் தொட்ட விரல் அப்படியே நின்றது. கடைசியாக மகள் சொன்னது இதுதான், இதே வார்த்தைகள். அன்று சென்றாயன் மிளகு விற்கத் துறையூருக்குப் போயிருந்தார். வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். அந்தப் பேச்சை மாதம்மாள் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடமும்கூடச் சொன்னதில்லை.

"கண்ணு, இங்கியா இருக்கற?" என்றாள்.

"இங்கதான். கையப் புடிச்சுக்க ஆத்தா."

பிடித்துக்கொண்டாள். புருஷனுடைய காய்த்துப்போன கைதான். ஆனால் அவள் மகளுடைய பிடி. கேட்க இன்னும் எவ்வளவோ இருந்தது. அதற்குள் அவர் கண்கள் மேலே செருகின. மாதம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கன்னத்துக்குள் தேனைத் தடவினாள். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது போலிருந்தது. மெல்ல மெல்ல அந்தப் பிடி தளர்ந்தது.

"ஏன் புள்ள அழுவற?" என்றார் சென்றாயன். அவருக்கு எதுவும் நினைவில்லை.

மறுநாள் காலையில் ஊசியைப் போட்டுவிட்டாள். அவர் வட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"களி ஆவலியா?"

"இன்னும் வேகலீங்க," என்றாள் மாதம்மாள்.

அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. மடியில் தேன் குடுவையை வைத்துக்கொண்டு அவள் அவருக்கு எதிரே குந்தியிருந்தாள். அவர் நெற்றியில் முதல் வியர்வை துளிர்த்ததும், மெதுவாகக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.